பறக்காத மணித்தியாலங்கள்

திருகோணமலையில வளர்ந்த ஆருக்கும் ஹெலிச் சத்தம் புதுசில்லை. சீனக்குடாவில விமானப்படைத் தளம், டொக்யார்டில கடற்படை, நடுவில நாங்கள். அம்மாவுக்கு அது ஓடி ஒளிய வேண்டிய சத்தம். போர்க்காலத்தில் துவக்குப் பூட்டிக்கொண்டு பறந்த பெல் 212-களை அவர் மூதூரில் பார்த்திருக்கிறார். இப்பவும் ஒண்டு தாழப் பறந்தால் கையில் இருக்கிற வேலையை விட்டிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

2025 நவம்பர் 30 அந்தச் சத்தத்துக்கு வேறொரு அர்த்தம் தந்தது. டித்வா புயலில் மகாவலி பெருகி மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தது. (2006இல் இதே மாவிலாற்று மதகை வைத்துத்தான் கடைசிக் கட்டப் போர் தொடங்கியது. எங்கட மாவட்டத்தில் ஓர் ஊரின் பெயரைச் சொன்னால் இரண்டு கதை வரும்.) அணைக்கட்டில் அகப்பட்ட 100-க்கும் மேற்பட்டவர்களை விமானப்படை ஹெலிகொப்டர்கள் தூக்கி எடுத்தன. அதே நாள், நாட்டின் மற்றக் கரையில், லுணுவிலவில் நிவாரணப் பணியில் இருந்த ஒரு பெல் 212 கிங் ஓயாவில் விழுந்தது. விமானி நிர்மல் சியம்பலாபிட்டிய இறந்துபோனார். அதே ஆண்டு மே 9இல் இன்னொரு பெல் 212 மாதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் விழுந்து 6 பேர் இறந்திருந்தார்கள்.

இந்த விபத்துகளுக்கு இயந்திரத்தின் வயதுதான் காரணம் எண்டு நான் சொல்ல வரவில்லை. அது விசாரணை செய்கிறவர்களின் வேலை. ஆனால் அந்த வயதைப் பற்றிப் பேசாமல் இருக்கவும் முடியவில்லை. பெல் 212 முதன்முதலில் பறந்தது 1968இல். கம்பனி அதைச் செய்வதை நிறுத்தினது 1998இல். இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேர் அதுக்குப் பிறகு பிறந்தவர்கள்.

நான் கலைப்பீடம், எனக்கு எஞ்சின் பற்றித் தெரிந்ததெல்லாம் திருக்கடலூரில் படகு எஞ்சின் திருத்துகிற மாமாவிடம் கேட்டது. "கடலால வந்தா முதல்ல எஞ்சினக் கழுவு, பிறகு நீ குளி" எண்டுவார். ஹெலிகொப்டருக்கும் அதே விதிதானாம். கடலுக்கு மேல் தாழப் பறந்து வந்தால் நல்ல தண்ணியால் உடலையும் எஞ்சினின் உட்பக்கத்தையும் கழுவ வேண்டும். உப்பு அலுமினியத்தைத் தின்னும். தின்னுறது வெளியில தெரியாது.

படகு எஞ்சின் நடுக்கடலில் நிண்டால் மிதந்துகொண்டு ஆரையாவது கூப்பிடலாம். ஆகாயத்தில் அது நடக்காது. அதனால் ஹெலிகொப்டரின் முக்கியமான பாகங்கள் பலதுக்கும் ஆயுள் எழுதி வைத்திருக்கிறார்கள்: இத்தனை மணித்தியாலம் பறந்தால், அல்லது இத்தனை வருடம் போனால், கழற்றி எறி. பார்க்கப் புதுசு போல இருந்தாலும் எறிய வேண்டும். கியர்பொக்ஸ் எண்ணெய்க்குள் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். அதில் உலோகத் தூள் ஒட்டியிருந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது எண்டு அர்த்தம், பறப்பு நிற்கும். அதுவும் மீட்புப் பணி என்பது ஊரூராய்ப் பறக்கிற வேலை இல்லை. ஒரே இடத்தில் அந்தரத்தில் நிண்டு கயிறு இறக்குவது எஞ்சினைப் பிழிகிற வேலை. அந்தப் பழக்கம் கைவிட்டுப் போகாமல் இருக்க, ஆரும் ஆபத்தில் இல்லாத நாளிலும் பறக்க வேண்டும். பெல் 212 மணித்தியாலத்துக்கு 400 லீட்டருக்குக் கிட்ட எரிபொருள் குடிக்கும். 2022இல் பெற்றோல் லைனில் நிண்ட எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. டொலர் இல்லாத நாட்டில், செய்வதையே நிறுத்திய ஒரு ஹெலிகொப்டருக்கு உதிரிப்பாகம் தேடுவது எப்படி இருக்கும் எண்டு யோசியுங்கோ.

இது ஏழை நாட்டுப் பிரச்சினை மட்டுமில்லை. கனடா தன் சீ கிங் ஹெலிகொப்டர்களை 1963இலிருந்து 2018 வரை பறக்க விட்டது. கடைசிக் காலத்தில் 1 மணித்தியாலம் பறக்க 30 மணித்தியாலம் வேலை செய்ய வேண்டியிருந்தது எண்டு அங்கத்தைய பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதின. பிரித்தானியா 2013இல் 160 கோடி பவுண் ஒப்பந்தத்தில் கடல் மீட்பையே ஒரு தனியார் கம்பனியிடம் கொடுத்துவிட்டது. டித்வாவில் எங்களுக்கு உதவ ஐ.என்.எஸ். விக்ராந்திலிருந்து வந்த சேட்டக்கும் 1959இல் முதன்முதல் பறந்த ஒரு பிரெஞ்சு வடிவமைப்புத்தான்.

வித்தியாசம் என்னவெண்டால், அவர்கள் கணக்குப் போட்டார்கள். நாங்கள் அன்பளிப்பு வந்தால் படம் எடுக்கிறோம். 2022 ஆகஸ்டில் இந்தியா ஒரு டொனியர் விமானம் தந்தது. கடல் கண்காணிப்புக்காகச் சீனக்குடாவில் நிண்டது. ஒரு வருடத்தில் கட்டாயப் பராமரிப்புக்காக அது இந்தியாவுக்கே திரும்பிப் போக, பதிலுக்கு இன்னொண்டு வந்தது. தந்தவரே திருத்தியும் தந்ததால் தப்பினோம். எப்பவும் அப்படி நடக்காது. யானை ஓசியில் கிடைக்கலாம். கட்டித் தீனி போடுறது ஆர்?

இலங்கைக்குப் பொறுப்பான கடல் மீட்பு வலயம் தரைப்பரப்பைப் போல ஏறத்தாழ 27 மடங்கு. வரவுசெலவுத் திட்டத்தில் பாதுகாப்புக்கு எவ்வளவு எண்டு சண்டை பிடிக்கிறார்கள்; தமிழர்களாய் நாங்களும் அந்தத் தொகையைப் பார்த்துக் கோபப்படுகிறோம், அதுக்குக் காரணமும் இருக்கு. ஆனால் அதுக்குள் மீட்புக்கு எத்தனை மணித்தியாலம், உதிரிப்பாகத்துக்கு எவ்வளவு எண்டு தனியாகக் கேட்கிற ஆளைக் காணவில்லை. என் கோபம் அங்கேதான். இராணுவச் செலவைக் குறைக்கச் சொல்வதும் மீட்பு ஹெலிகொப்டரை ஒழுங்காய் வைத்திருக்கச் சொல்வதும் ஒண்டுக்கொண்டு முரண் இல்லை.

புயலுக்குப் பிறகு அமெரிக்கா 10 ஹெலிகொப்டர்கள் தருவதாக அறிவித்தது. அவர்களுடைய கடற்படை பயிற்சிக்குப் பாவித்து முடித்த டிஎச்-57, அதாவது பெல் 206 ரகம். மாமாவிடம் சொன்னேன்.

"அதில எத்தின பேர் ஏறலாம் பிள்ளை?"

"ஓட்டுறவரோட சேத்து அஞ்சு பேர். ஒற்றை எஞ்சின்."

அவர் ஒண்டும் சொல்லவில்லை. பலநாள் படகு ஒண்டில் போகிறது அஞ்சாறு பேர்.