பசியாவரத்து வான்கோழி

பசியாவரம் என்ற பெயரைக் கேட்டதுமே, 'பசியாத வரம்' பெற்ற ஊரோ என்று எனக்கு ஓர் ஆசை. பெயருக்குப் பொருள் சொல்லும் உரிமை பண்டிதர்களுடையது; ஆசைப்படும் உரிமை நமக்கும் உண்டல்லவா?

சென்னையிலிருந்து பொன்னேரி வரை ரயில். அப்புறம் பழவேற்காட்டுக்கு பஸ். 1613-ல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய ஊர் அது. அவர்களுடைய கல்லறைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் அப்படித் திரும்பிவிடாதீர்கள். எங்களைப்போல் ஏரியைத் தாண்டிப் பசியாவரத்துக்குப் போய்ப் பாருங்கள். சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி இது.

கரை இறங்கியதும் எங்களை எதிர்கொண்டது ஒரு வான்கோழிச் சேவல்! வாலை விசிறியாய் விரித்து, முகம் சிவப்பும் நீலமுமாக மாற, 'களகள'வென்று கத்திக்கொண்டு வந்தது. அமெரிக்கக் கண்டத்துப் பறவை இது. 1612-ல் கோவாவிலிருந்து தமக்கு வந்த வான்கோழியைக் கண்டு ஜஹாங்கீர் சக்கரவர்த்தியே அதிசயித்து, மன்சூர் என்ற சித்திரக்காரரைக் கொண்டு படம் எழுதச் சொன்னாராம். நான் இரண்டடி பின்வாங்கியதில் என்ன வெட்கம்?

"பயப்படாதேம்மா, ஒண்ணும் பண்ணாது" என்று ஓர் ஆயா குடிசையிலிருந்து வந்தார். மீன் பிடிக்கிற ஊரில் கோழி எதற்கு என்று கேட்டேன்.

"முகத்துவாரம் மணல் மூடிக்கிட்டா ஏரிக்குள்ளே மீன் ஏது? அப்ப இதுதான் காசு. நல்ல நாளுக்குக் கறியும் இதுதான்."

வளர்ப்பது சுலபமில்லை. கோழி முட்டை 21 நாளில் பொரியும். வான்கோழிக்கு 28 நாள். பொரிந்த குஞ்சுக்குத் தீனி எது, தண்ணீர் எது என்று தெரியாது. தண்ணீர்த் தட்டின் அருகிலேயே தாகத்தால் செத்துப்போகும்! ஆயா தட்டை விரலால் தட்டித் தட்டிக் காட்டுகிறார். தண்ணீரில் வர்ணக் கோலிக்குண்டுகளைப் போடுகிறார். மினுமினுப்பைக் கொத்தப்போய்க் குஞ்சு குடிக்கக் கற்றுக்கொள்கிறது. அவித்த முட்டையைப் பொடியாக நறுக்கி ஊட்டுகிறார். ஈரம் ஆகாது, குளிர் ஆகாது. முதல் நாலு வாரம் கைக்குழந்தை பாடுதான். பிறகு கவலையில்லை, கீரையும் புல்லுமாகவே பாதி வயிற்றை நிரப்பிக்கொள்ளும்.

முதல் வருஷம் நாட்டுக்கோழிகளோடு விட்டு, பாதியைப் பறிகொடுத்தாராம். மருத்துவர்கள் எச்சரிப்பதும் இதைத்தான். கோழியின் குடற்புழு வழியாகப் பரவும் ஒரு நோய், கோழியை அவ்வளவாக வாட்டாது. வான்கோழியின் ஈரலைத் தின்றுவிடும். இப்போது இரண்டுக்கும் தனித்தனி இடம்.

கொல்லையில் இடமுள்ள சகோதரிகளுக்கு ஒரு செய்தி: நம் நாட்டுக் கறுப்பு இனத்தையும் வெளிநாட்டு வெள்ளை இனத்தையும் கலந்து, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 'நந்தனம் வான்கோழி' என்றே ஒரு வகையை உண்டாக்கியிருக்கிறது. நம் வெயிலைத் தாங்கும்.

இனி வருவதை மரக்கறிச் சகோதரிகள் தாண்டிப் போகலாம். கையால் ஊட்டி வளர்த்ததை எப்படி அறுக்க மனம் வருகிறது? நான் தயங்கித்தான் கேட்டேன்.

"மொத நாள் ராத்திரி தீனி கிடையாது, தண்ணி மட்டும் வெப்பேன். விடியறதுக்கு முன்னே, அது தூக்கத்திலே இருக்கறப்பவே, எறக்கையை அணைச்சு மடியிலே தூக்கிக்குவேன். காலைப் பிடிச்சுத் தொங்கவிட மாட்டேன். தலையைத் துணியாலே மூடி, மத்ததுங்க கண்ணுலே படாம அந்தப் பக்கம் கொண்டுபோவாங்க. கத்தியைச் சாயந்தரமே தீட்டி வெக்கணும். ஒரே வெட்டு. பயந்து சாகக் கூடாது பாரு."

எனக்கு நம் பட்டணத்துச் சைக்கிள்கள் ஞாபகம் வந்தன. இரண்டு பக்கமும் கொத்துக் கொத்தாகத் தலைகீழாய்த் தொங்கும் கோழிகள்! எத்தனை தடவை பார்த்தும் பாராததுபோல் காய்கறிப் பையோடு நடந்திருக்கிறேன். கறியை வாங்கும் நாம், அது எப்படி வந்தது என்று கடைக்காரரை ஒருநாளாவது கேட்டதுண்டா?

"இந்தச் சேவலும் அப்படித்தானா, ஆயா?"

"பேரன் ஊர்லேருந்து வரான். அவனுக்குன்னு வெச்சிருக்கேன்" என்று அதன் கழுத்தைத் தடவினார். "அன்னிக்கு எல்லாருக்கும் ஆக்கிப் போடுவேன். எனக்கு மட்டும் தனியா நாலு மீன் சுட்டுக்குவேன்."

படகுக்காரர் குரல் கொடுத்தார். சேவல் கரை வரை கூடவே வந்தது.