எண்ட் டாஸ்க் கொடுத்தால் நிற்காது

விபிஎன் ஐகானை மூடிவிட்டால் விபிஎன் நின்றுவிட்டது என்று நினைப்பவர்களால்தான் இத்தனை வருடங்களாக என் பிழைப்பு ஓடியிருக்கிறது. அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கம்ப்யூட்டர் வாங்கியவருக்கு அதன் உள்விவகாரம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. தொழில் செய்கிறவனே அப்படி நினைத்தால் என்ன செய்வது? இந்த வருடத்தோடு தேனியில் கடையை விடுகிறேன். என்னிடம் வேலை பழகி இப்போது தனியாகக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி, அன்றைக்கு வந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணே, ஒரு சர்வீஸை நிறுத்தப் போயி அரை நாள் உக்காந்திருக்கீங்களே. ஃபார்மட் போட்டா ஒரு மணி நேரத்துல சோலி முடிஞ்சிரும்ல?" கேலியாகச் சொல்லவில்லை, மனதார நம்பித்தான் சொன்னான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கடிகாரத்துக்குப் பக்கத்தில் தெரியும் ஐகான், உங்கள் லாகினில் ஓடும் ஒரு சின்ன புரோகிராம். வேலை பார்ப்பது லோக்கல் சிஸ்டம் பெயரில், செஷன் பூஜ்யத்தில் ஓடும் சர்வீஸ். விஸ்டா வந்த நாளிலிருந்து விண்டோஸ் இந்த இரண்டையும் தனித்தனி செஷனில்தான் வைத்திருக்கிறது. சிஸ்கோ எனிகனெக்டில் முகம் காட்டுவது விபிஎன்யுஐ, உள்ளே உழைப்பது விபிஎன்ஏஜென்ட். ஓப்பன்விபிஎன்னில் ஜியுஐ ஒன்று, இன்டராக்டிவ் சர்வீஸ் ஒன்று, டன்னலை நடத்தும் ஓப்பன்விபிஎன் டாட் இஎக்ஸ்இ ஒன்று. வயர்கார்டில் மேனேஜருக்கு ஒரு சர்வீஸ், போட்ட ஒவ்வொரு டன்னலுக்கும் தனித்தனியாக ஒரு சர்வீஸ். ஜன்னலை மூடினாலும் டன்னல் ஓடிக்கொண்டே இருக்கும். விண்டோஸோடு வரும் விபிஎன், ராஸ்மேன் என்ற பெயரில் எஸ்விசிஹோஸ்ட் கூட்டத்துக்குள் கிடக்கும். இந்த சர்வீஸ்களில் ஒன்றைப் பிடித்து எண்ட் டாஸ்க் கொடுத்தால் சர்வீஸ் கன்ட்ரோல் மேனேஜர் அதை விபத்து என்று எடுத்துக்கொள்ளும். ரெகவரி டேபில் ரீஸ்டார்ட் என்று இருந்தால், கொஞ்ச நேரத்தில் புது பிஐடியோடு திரும்பி வந்து நிற்கும். பசங்கள் உடனே "வைரஸ்ணே" என்கிறார்கள். அது தனக்குச் சொன்ன வேலையைத்தான் செய்கிறது.

கம்பம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க நான் சிரமப்பட்டதில்லை. 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத்தான் நம் பள்ளத்தாக்குக்கு வருகிறது. லோயர் கேம்பில் நின்றால் தண்ணீர் வருவதும் நிற்பதும் தெரியும். திறப்பதும் அடைப்பதும் தேக்கடி ஷட்டரில். ஐகான் லோயர் கேம்ப், சர்வீஸ் தேக்கடி.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்று உத்தமபாளையத்தில் இருந்த ஒரு சார். லைன் கோளாறு பார்த்துப் பழகிய மனிதர். கடைக்கு வந்தால் எனக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். நான் மவுஸைத் தொட்டதும், "டேய், மொதல்ல கைய எடு. பாரு" என்பார். பார்ப்பதென்றால் அவருக்கு ஒரு முறை இருந்தது. இதை ஆரம்பித்து வைத்தது எது, யார் பெயரில் ஓடுகிறது, எந்த ஃபோல்டரிலிருந்து ஓடுகிறது, யாரோடு பேசிக்கொண்டிருக்கிறது. இந்த நாலுக்கும் பதில் சொல்லாமல் எதையும் நிறுத்த விடமாட்டார். மார்க் ருசினோவிச் எழுதிய புராசஸ் எக்ஸ்புளோரரை முதன்முதலில் பென் டிரைவில் போட்டுத் தந்தவர் அவர்தான். டாஸ்க் மேனேஜரில் வரிசையாகத் தெரிவது அதில் தாய், பிள்ளை என்று மரமாக விரியும். நெட்ஸ்டாட்டை அட்மினில் ஓடவிட்டு, எந்த இஎக்ஸ்இ எந்த ஐபியோடு பேசுகிறது என்று நோட்டில் எழுதச் சொல்வார். "சார், ஸ்கிரீன்லயே இருக்கே" என்பேன். "எழுதுனாத்தான்டா உனக்குத் தெரியும்" என்பார்.

இன்னொன்றும் அவர் வற்புறுத்தினார். மிஷின் நன்றாக இருக்கும்போதே என்னென்ன சர்வீஸ் ஓடுகிறது, ரூட் பிரிண்ட்டில் என்ன இருக்கிறது, டிஎன்எஸ் யார் என்று எழுதிவைக்க வேண்டும். கெட்ட பிறகு பார்த்தால் எது புதிதாக வந்தது என்று யாருக்குத் தெரியும்? என் வாடிக்கையாளர்கள் பலருக்கு என் நோட்டில் ஒரு பக்கம் உண்டு. இன்று எந்தக் கடையிலும் அப்படி ஒரு நோட்டை நான் பார்க்கவில்லை.

2020 ஊரடங்கில் அந்த நோட்டுகள்தான் சோறு போட்டன. சென்னை, பெங்களூர் பிள்ளைகள் எல்லாம் லேப்டாப்போடு சின்னமனூருக்கும் கூடலூருக்கும் வந்து சேர்ந்தார்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்க வசதியாக மத்திய தொலைத்தொடர்புத் துறை அந்த மார்ச்சிலேயே விதிகளைத் தளர்த்தியது. விதி தளர்ந்தாலும், விபிஎன் போட்டதும் வீட்டுப் பிரிண்டர் செத்துப்போகும், பாதிப் பக்கம் திறந்து அப்படியே நிற்கும். பிரிண்டருக்குக் காரணம், கம்பெனி எல்லாப் போக்குவரத்தையும் டன்னலுக்குள் இழுத்துக்கொள்வது. பாதிப் பக்கத்துக்குக் காரணம் பல வீடுகளில் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டில் போகக்கூடிய அதிகபட்ச அளவு. பிபிபிஓஇ லைனில் 1492 பைட்தான் போகும், அதற்குள் டன்னலும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். கம்பெனி லேப்டாப்பில் நான் சர்வீஸைத் தொட்டதே இல்லை. அது அவர்கள் ஐடி ஆட்களின் பொறுப்பு. என்ன சொல்லிப் புகார் கொடுக்க வேண்டும் என்று மட்டும் எழுதிக்கொடுத்து அனுப்புவேன்.

என்னை அதிகம் படுத்தியது போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரியின் மிஷின். அவர் மகன் காசு கட்டி ஒரு விபிஎன் போட்டிருந்தார். கில் ஸ்விட்ச் ஆனில் இருந்திருக்கிறது. பிடிக்கவில்லை என்று எண்ட் டாஸ்க் கொடுத்து, சர்வீஸை டிசேபிள் செய்து, புரோகிராம் ஃபைல்ஸிலிருந்த ஃபோல்டரையும் கையால் அழித்துவிட்டார். அதோடு நெட் போச்சு. ரௌட்டருக்கு பிங் போகிறது, வெளியே ஒன்றும் போகவில்லை. எனக்கு முன்னால் பார்த்தவர்கள் ரௌட்டரை மாற்றி, லேன் கார்டை மாற்றி, கடைசியில் ஃபார்மட் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். டேலியில் பல வருடக் கணக்கு, முறையான பேக்கப் கிடையாது.

ரூட் டேபிளைப் பார்த்தேன். 0.0.0.0/1, 128.0.0.0/1 என்று விபிஎன் வழக்கமாகப் போடும் இரண்டு பாதைகளும் இல்லை. டிஎன்எஸ் சரியாக இருந்தது, டிஎன்எஸ் கேள்விகளைத் திருப்பிவிடும் என்ஆர்பிடி விதிகளும் காலி. வின்சாக் ரீசெட் கொடுத்தும் மாற்றமில்லை. ஓடுகிற புராசஸ்களில் விபிஎன்னின் வாசனைகூட இல்லை. ஓடாத ஒன்று எப்படித் தடுக்கும்? இந்தக் கேள்வியோடுதான் ராத்திரி பஸ் ஏறினேன்.

பதில் விண்டோஸ் ஃபில்டரிங் பிளாட்ஃபார்மில் இருந்தது. அதில் போடும் ஃபில்டரில் வகை உண்டு. போட்ட புராசஸ் செத்தால் கூடவே போவது டைனமிக். மிஷினை ரீஸ்டார்ட் செய்தாலும் அப்படியே நிற்பது பெர்சிஸ்டென்ட். விபிஎன் செத்தாலும் நெட் வெளியே கசியக் கூடாது என்பதற்காகத்தானே கில் ஸ்விட்ச்? அதனால் சில கம்பெனிகள் இரண்டாவது வகையைப் போடுகின்றன. நெட்ஷெல்லில் ஃபில்டர் பட்டியலை எக்ஸ்எம்எல்லாக இறக்கித் தேடினால், அழித்த விபிஎன்னின் பெயரிலேயே தடுப்பு வரிசையாக நின்றது. அதே வெர்ஷனைப் பென் டிரைவில் கொண்டுபோய் மறுபடி ஏற்றி, செட்டிங்கில் கில் ஸ்விட்சை அணைத்து, டிஸ்கனெக்ட் செய்து, அதன் சொந்த அன்இன்ஸ்டாலர் வழியாகவே வெளியேற்றினேன். நெட் வந்தது, கணக்கில் ஒரு வரிகூடப் போகவில்லை. தெரிந்த பிறகு இருபது நிமிட வேலைதான். அந்தத் தெரிதலுக்குத்தான் கூலி என்பதை வாடிக்கையாளர் ஒத்துக்கொண்டார். தொழில்காரர்கள்தான் ஒத்துக்கொள்ள மறுக்கிறார்கள்.

ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும் என்பது உண்மைதான். எதனால் கெட்டது என்பதும் சேர்ந்தே அழிந்துபோகும். அடுத்த மாதம் அந்த வீட்டுப் பையன் ஏதாவது ஒரு இலவச விபிஎன்னை ஏற்றுவான். டிக்டாக்குக்கும் பப்ஜிக்கும் 2020இல் தடை வந்தபோது நம் ஊர்களில் ஏறிய இலவச விபிஎன்களுக்குக் கணக்கில்லை. காசு வாங்காமல் சர்வர் நடத்துகிறவன் எதில் சம்பாதிக்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. ஹோலா விபிஎன் தன் பயனாளிகளின் லைனையே வாடகைக்கு விட்டது 2015இலேயே வெளிவந்தது. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை 911 எஸ்5 என்ற வலையைப் பிடித்தது. மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன், ஷீல்டுவிபிஎன் மாதிரி இலவசப் பெயர்களில் ஏறி, பின்னணியில் சர்வீஸாக ஓடி, வீட்டு இணைப்புகளைக் குற்றவாளிகளுக்கு விற்றிருக்கிறார்கள். கிட்டத்தட்ட 200 நாடுகள், 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேல் ஐபி முகவரிகள். அப்போது எஃப்பிஐ பொதுமக்களுக்கு என்ன சொன்னது தெரியுமா? டாஸ்க் மேனேஜரைத் திறந்து இன்னின்ன பெயரில் புராசஸ் ஓடுகிறதா என்று பாருங்கள் என்று பெயர்வாரியாகப் பட்டியல் போட்டது. உத்தமபாளையத்து சார் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னதும் அதைத்தான்.

நம் நாட்டில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டு, விபிஎன் நடத்துகிறவர்கள் சந்தாதாரர் விவரங்களை 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்றது. சில பெரிய கம்பெனிகள் இங்கிருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன. சர்வரைப் பற்றி இவ்வளவு விவாதம் நடந்தது. நம் மேஜையில் இருக்கும் மிஷினுக்குள் ஓடுவதைப் பற்றிப் பேச ஆளில்லை. கற்றுக்கொடுக்க வேண்டிய கோர்ஸ்களில் ஐஎஸ்ஓ ஃபைலை யூஎஸ்பியில் ஏற்றுவதைத்தான் சர்வீஸ் என்று சொல்லித்தருகிறார்கள்.

தேனி, கம்பம், போடியில் கடை வைத்திருக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. ஃபார்மட் போடுவதாக இருந்தால் போடுங்கள். எதனால் கெட்டது என்று அந்த மனிதருக்குச் சொல்ல முடியவில்லை என்றால், சர்வீஸ் சார்ஜ் என்று எழுதிக் காசு வாங்காதீர்கள்.