அம்மாவின் தட்டு

அன்புத் தங்கச்சிக்கு,

அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. நெஞ்சுச் சளியும் குறைந்து, நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தாள். சனிக்கிழமை கூட்டிப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையிடம் சொல்லி வண்டி ஏற்பாடு பண்ணு. பாலக்காட்டில் ஏறி பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு தாண்டி மறையூர் வருவதற்குள் அவளுக்கு அலுத்துவிடும். காலையிலேயே கிளம்பட்டும்.

அது இருக்கட்டும். "அம்மா நல்லாத்தான் சாப்பிடுறா அக்கா" என்று போனில் எத்தனை தடவை சொன்னாய்? ஓணத்தின்போது 46 கிலோ இருந்தவள் இப்போது 42. மூன்று மாதத்தில் தானாக 3 கிலோவுக்கு மேல் இறங்கினாலே வயசானவர்களுக்கு ஆபத்து என்பது நர்சுகளான எங்கள் கணக்கு. கெண்டைக்காலில் டேப் வைத்துப் பார்ப்போம். 31 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சதை கரைகிறது என்று அர்த்தம். அம்மாவுக்கு 28.

காரணத்தைக் கண்டுபிடித்தது வார்டில் புதுசாய்ச் சேர்ந்த ஒரு சின்ன நர்ஸ் பெண். தட்டு திரும்பிப் போகும்போது மூடியைத் திறந்து பார்க்கிற பழக்கம் அவளுக்கு. கஞ்சி காலி, பயறும் முட்டையும் வைத்தது வைத்தபடி. கேட்டால் "பசிக்கலை மோளே" என்கிறாள் அம்மா. அந்தப் பெண் விடவில்லை, வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள். உடம்பு மெலிந்ததில் பல்செட் தளர்ந்து, கீழ் ஈறு முழுக்கப் புண். மெல்ல முடியாமல்தான் கஞ்சியும், கட்டன் சாயாவில் நனைத்த பன்னுமாக ஓட்டியிருக்கிறாள். யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாதாம்! எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளின காலத்துப் பிடிவாதம், உனக்குத் தெரியாததா?

நைட்டிங்கேல் 1859லேயே நர்சிங் பற்றி எழுதிய புத்தகத்தில் நோயாளியின் சாப்பாட்டுக்கென்று தனி அத்தியாயங்களே வைத்தார். ஊசி, மாத்திரை, ரெஜிஸ்டர் என்று ஓடுகிற எங்களில் தட்டைப் பார்க்கிறவள் அபூர்வம்தான்.

டிஸ்சார்ஜ் காகிதத்தில் மாத்திரைதான் இருக்கும். சாப்பாட்டை நான் சொல்கிறேன். தினமும் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது புரதம் வேண்டும். நோயிலிருந்து எழுந்தவளுக்கு இன்னும் கொஞ்சம் கூட. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய அதே அளவு. வெறும் கஞ்சியில் எங்கே தேறும்? கஞ்சியிலேயே சிறுபயறைக் குழைய வேகவைத்து ஒரு ஸ்பூன் நெய் விடு. முட்டையை மசித்துக் கொடு. முட்டை சூடு, தயிர் சளி என்று உன் மாமியார் பத்தியம் சொல்லுவார்கள். தலையாட்டிவிட்டு நான் சொன்னதைச் செய். தட்டு நிறைய வைத்தால் பார்த்ததுமே மலைத்துப்போவாள், இரண்டு மணிக்கொரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. நேராக உட்காரவைத்துக் கொடு, சாப்பிட்டதும் படுக்கவிடாதே. புரையேறினால் மறுபடியும் நிமோனியாதான். சாப்பாட்டுக்கு முன்னால் கட்டன் சாயா கிடையாது, எவ்வளவு கெஞ்சினாலும். புண் ஆறினதும் பல்செட்டை மாற்றிவிடலாம், அந்தச் செலவு என்னுடையது.

இன்னொன்று. 2008ல் கேரள அரசு பாலியேட்டிவ் கொள்கை கொண்டுவந்த பிறகு, பஞ்சாயத்து நர்சுகள் வீடு தேடி வருகிறார்கள். அது புற்றுநோய்க்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடாதே. ஆஷா பணியாளர் சேச்சியிடம் அம்மா பேரைச் சொல்லிவை.

ராத்திரி எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு அம்மாவுக்கு அடுக்களையில் தனியாக வைக்காதே. பிள்ளைகளோடு உட்காரவை. மாதம் இரண்டு தடவை ஹெல்த் சென்டரில் எடை பார்த்து எனக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பு. "நல்லாத்தான் சாப்பிடுறா" என்று மட்டும் இனி சொல்லாதே, எனக்கு எடைதான் வேண்டும்.

உன் அக்கா