மூன்று ஸ்விட்ச், ஓர் ஆரஞ்சு விளக்கு

கொல்கத்தா சால்ட் லேக், செக்டர் ஃபைவ். மென்பொருள் நிறுவனங்கள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு தெருவில் சின்ன நெட்வொர்க் பயிற்சிக்கூடம். சொல்லிக்கொடுப்பவர் திருநெல்வேலிக்காரர், வங்காள மாணவர்களுக்கு அவர் ‘தாதா’. மேஜையில் மூன்று பழைய சிஸ்கோ ஸ்விட்ச்கள், சாந்தினி சவுக் சந்தையில் செகண்ட் ஹேண்டாக வாங்கியவை. மூன்றையும் முக்கோணமாகக் கேபிளால் இணைத்திருந்தார்.

“மூணுக்கு ரெண்டு கேபிள் போதுமே?” என்றேன்.

“ஒண்ணு அறுந்தா என்ன செய்வீங்க அண்ணாச்சி? அதுக்குத்தான் மூணாவது. ஆனா அது சும்மா இருக்காது, பாருங்க.”

இப்படிச் சுற்று உண்டாகாமல் காக்கும் ஸ்பானிங் ட்ரீ என்ற நெறிமுறையை நிறுத்தினார். சில நொடிகளில் எல்லா விளக்குகளும் வெறி பிடித்தாற்போல் மின்னின. இணைப்பைச் சோதிக்க லேப்டாப்பில் ஓடிய பிங் நின்றுபோனது. ‘இந்த முகவரி யாருடையது?’ என்று ஒரு கணினி பொதுவாகக் கேட்டால், ஸ்விட்ச் அதை வந்த போர்ட் நீங்கலாக எல்லாப் போர்ட்டிலும் அனுப்பும். முக்கோணத்தில் அது சுற்றித் திரும்பி வரும், மறுபடி அனுப்பப்படும். ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் எண் உண்டு, ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறையும். இந்தக் கேள்வியைச் சுமக்கும் ஈதர்நெட் ஃபிரேமுக்கு அது இல்லை. யாராவது கேபிளைப் பிடுங்கும்வரை சுற்றும். 2002 நவம்பரில் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் மருத்துவமனை இப்படியொரு லூப்பில் முடங்கி, சில நாட்கள் காகிதத்தில் வேலை பார்த்தது.

ஸ்பானிங் ட்ரீயை மீண்டும் இயக்கினார். கொஞ்ச நேரத்தில் ஒரேயொரு விளக்கு ஆரஞ்சாக நிலைத்தது. நடந்தது இதுதான்: ‘நான் அறிந்த ரூட் இது, அங்கே போக எனக்காகும் செலவு இவ்வளவு’ என்று ஸ்விட்ச்கள் 2 நொடிக்கு ஒருமுறை பிபிடியூ எனும் செய்தி அனுப்புகின்றன. மிகச் சிறிய அடையாள எண் உள்ள ஸ்விட்சே ரூட், அதாவது மரத்தின் வேர். மற்றவை அதை அடையும் மலிவான வழியைத் தேர்கின்றன; ஜிகாபிட் இணைப்புக்குச் செலவு 4, நூறு மெகாபிட்டுக்கு 19. மிஞ்சிய கேபிளின் ஒரு முனை தரவைத் தடுக்கிறது. பிபிடியூவை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது. இதை வகுத்தவர் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்த ரேடியா பெர்ல்மன். கட்டுரை வந்தது 1985-ல்; 1990-ல் ஐஇஇஇ 802.1டி தரமானது.

அடுத்து, ஆரஞ்சு விளக்குள்ள ஸ்விட்சுக்கு ரூட்டிலிருந்து வரும் கேபிளை உருவினார். பிங் நின்றது. கேட்க 15 நொடி, முகவரிகளைக் கற்க 15 நொடி: சுமார் 30 நொடியில் மாற்றுவழி திறந்தது. அதைத் திரும்ப மாட்டிவிட்டு, ரூட்டுக்கும் இன்னொரு ஸ்விட்சுக்கும் இடையிலான கேபிளை உருவியபோது 50 நொடி. பழைய தகவல் காலாவதியாக 20 நொடி கூடுதலாகத் தேவைப்படுகிறது. 2001-ல் வந்த ராப்பிட் ஸ்பானிங் ட்ரீக்கு மாற்றிச் சோதித்தார். ஓரிரு பிங்தான் தவறியது.

“இப்ப ரூட் யாருன்னு பாருங்க” என்று திரையைத் திருப்பினார். மூன்றில் ஆகப் பழையது! ரூட்டைத் தீர்மானிப்பது முதலில் பிரையாரிட்டி எண், பிறகு ஸ்விட்சின் வன்பொருள் எண்ணான மேக் முகவரி. யாரும் மாற்றாவிட்டால் எல்லாவற்றிலும் பிரையாரிட்டி 32768. மேக் முகவரி சிறியதே வெல்லும். பழைய ஸ்விட்சில் பெரும்பாலும் அதுதான் சிறியது. மலிவாகக் கிடைத்ததே என்று பழசை வாங்கி மாட்டினால், அலுவலகப் போக்குவரத்தெல்லாம் அதன் வழியே போகத் தொடங்கிவிடலாம்.

சிறந்த ஸ்விட்சில் பிரையாரிட்டியை 4096 என்று அடித்தார். ரூட் மாறியது.

உங்கள் அலுவலகத்திலும் இதைச் செய்துவிடுங்கள்: ரூட்டை நீங்களே நியமியுங்கள், ஊழியர்கள் கணினி செருகும் போர்ட்களில், பிபிடியூ வந்தால் போர்ட்டை மூடிவிடும் ‘பிபிடியூ கார்டு’ (guard) போடுங்கள், ராப்பிட்டுக்கு மாறுங்கள். ஆரஞ்சு விளக்கைப் பழுது என்று நினைத்து ஸ்பானிங் ட்ரீயை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.