உரம் ஏற்றிய ஹைலக்ஸ்

ஜூன் 2, 2024
சுங்கைப் பட்டாணி தொழிற்சாலையில் வேலையை விட்டு நிறுத்தியபோது கொடுத்தனுப்பிய பணம் வங்கியில் கிடந்தால் கரைந்துவிடும். மாமாவின் செம்பனைக் குலைகளைக் கொள்முதல் ரேம்ப்புக்கு ஏற்ற வாடகை லாரிக்கே பாதி வருமானம் போகிறது. அதனால் குவாலா கெட்டில் பக்கம் பழைய வண்டி விற்கும் ஒரு தவுக்கேயிடம் நானும் அப்பாவும் போனோம். 2008 ஹைலக்ஸ், 2.5 டீசல். பெயின்ட் பளபளவென்று இருந்தது.

அப்பா இஞ்சின் பக்கமே போகவில்லை. நேரே பின்னால் ஏறி ரப்பர் விரிப்பைத் தூக்கி, தகரத்தை நகத்தால் சுரண்டி முகர்ந்தார். "உரம் ஏத்துன வண்டிடா." மடிப்புகளில் வெள்ளைத் தூள் கட்டி கட்டியாக உறைந்திருந்தது. அதைச் சுற்றியிருந்த தகரம் ஈர பிஸ்கட் போலக் கையோடு வந்தது. தோட்டத்தில் பால்மரத்தை அழித்துச் செம்பனை போட்ட பிறகு அவர் பார்த்தது உரம் போடும் வேலை. மூட்டையிலிருந்து சிந்துவது ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டாம். தவுக்கே முனகிக்கொண்டே விலையை இறக்கினார். வாங்கிவிட்டோம்.

ஜூன் 5
காலையில் வெள்ளைப் புகை. சூடேறும்வரை டக்டக்கென்று தட்டல். இஞ்செக்டர் என்கிறார் பட்டறைப் போமன். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று யாருக்கும் தெரியாது, அதனால் மாற்றியாக வேண்டும். பெல்ட் புதிது, இஞ்செக்டர் பொத்தோங் கடையில் பழையது.

ஜூன் 9
இரண்டாவது நிதியமைச்சர் அறிவித்துவிட்டார். நள்ளிரவிலிருந்து தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் 3.35 வெள்ளி. இன்றுவரை 2.15. பீடோங்கில் எண்ணெய் நிலையத்து வரிசை சாலைக்கு வந்துவிட்டது. என் வண்டியோ இஞ்செக்டர் இல்லாமல் பட்டறையில். டின்னில் வாங்கி வைக்கலாமா என்றேன். மனைவி பார்த்த பார்வையில் பேச்சை விட்டேன்.

ஜூன் 10
70 லிட்டர் அடித்தால் 84 வெள்ளி கூடுதல். தூக்கமில்லை.

ஜூன் 11
டீசல் வண்டிக்காரர்களுக்குப் புடி மடானி உதவித் திட்டத்தில் மாதம் 200 வெள்ளி தருகிறார்களாம். விலை ஏற்றத்தை மட்டும் பார்த்தால் அது 166 லிட்டருக்கு ஈடு, எனக்குப் போதும். ஆனால் வண்டியின் பதிவுக் கிரான் என் பெயரில் இருக்க வேண்டும், ரோட் டேக்ஸ் உயிரோடு இருக்க வேண்டும். இரண்டும் இல்லை. பெயர் மாற்றப் புஸ்பாகோம் சோதனை வேண்டும்.

ஜூன் 13
இஞ்செக்டர் பூட்டியாயிற்று, ஆனால் வண்டி சோதனையில் விழுந்தது. சேசிஸ் எண் சரி. இஞ்சின் எண்ணை எண்ணெய்ப் பிசுக்கும் துருவும் மூடியிருக்கின்றன, கண்ணாடிக் கருப்பும் அதிகம். இனி அடுத்த வாரம்தான். வெள்ளி, சனி கெடாவின் வார விடுமுறை, ஞாயிறு சுல்தான் பிறந்தநாள், திங்கள் ஹாஜிப் பெருநாள். செவ்வாயும் இங்கே விடுமுறை. கோலாலம்பூர்க்காரனுக்குச் சொன்னால் நம்பமாட்டான்.

ஜூன் 15
அப்பா வயர் பிரஷ்ஷோடு பின்தொட்டியில் உட்கார்ந்துவிட்டார். சுரண்டி, கழுவி, மறுபடி சுரண்டி. வெல்டிங்காரர் தகரம் வைத்த பிறகுதான் இறங்கினார். ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று முன்கதவைத் திறந்தேன். அவர் பின்னால் ஏறினார்.

"முன்னால வாங்கப்பா, போலீஸ் பிடிக்கும்."

"இருக்கட்டும்."

தோட்டத்தில் பெரட்டு என்ற காலைப் பெயர்ப்பதிவு முடிந்ததும் ஆட்களை லாரியின் பின்தொட்டியில் ஏற்றுவார்கள், துரையின் லேண்ட்ரோவர் தனியாகப் போகும். அதெல்லாம் நான் பிறப்பதற்கு முந்திய கதை என்று நினைத்திருந்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. தாமான் எல்லைவரை பேசாமல் ஓட்டினேன்.

ஜூன் 19
தேறிவிட்டது! இஞ்சின் எண்ணைத் துடைத்தது அப்பாவின் பழைய பனியன்.

ஜூன் 24
கிரானில் என் பெயர். ரோட் டேக்ஸும் ஆயிற்று. புடிக்கு விண்ணப்பம் போட்டாயிற்று, பதில் இல்லை.

ஜூன் 30
முதல் லோடு குலை. அப்பா முன்னால் உட்கார்ந்தார், அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு. ரேம்ப்புக்காரர் எடைச் சீட்டை அவரிடம் நீட்டினார். அவர் அதை என் பக்கம் தள்ளிவிட்டார். காலைத் தட்டல் இன்னும் போகவில்லை. மூன்றாவது இஞ்செக்டர்தான் என்கிறார் போமன், அப்பா நான்காவது என்கிறார். சம்பளமில்லாத மாதம், இரண்டையும் மாற்ற முடியாது.