சாளேசரமும் ஏழங்குலத் திரையும்

நாற்பதைக் கடந்தவர்களின் கண்ணுக்கு நேரும் மாற்றத்திற்குத் தமிழில் இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. ஒன்று வெள்ளெழுத்து, மற்றொன்று சாளேசரம். முன்னது எழுத்து வெளுத்துத் தெரிவதால் வந்த பெயர். பின்னது, மராத்தியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லுக்கு உறவு. தெலுங்கர் இதைச் ‘சத்வாரம்’ என்பார்கள்; அதற்குள்ளும் வடமொழியின் நாற்பது ஒளிந்திருக்கிறது. நோயின் தன்மையைச் சொல்லாமல் வயதைச் சொல்லியே பெயரிட்டிருக்கிறார்கள் என்றால், தப்பியவர்கள் அதிகம் இல்லை என்றுதான் பொருள்.

நாங்கள் இருவரும் தப்பவில்லை. எங்களில் ஒருவர் பூவிருந்தவல்லிப் பக்கத்துக் கல்லூரியொன்றில் தமிழ் நடத்துகிறவர். மற்றவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கணக்கு எழுதுகிறவர். வீடு ஆவடியில். கார் ஒன்றுதான், முறை வைத்து ஓட்டுகிறோம். இருவருக்கும் தொலைவிலுள்ள சாலை துல்லியமாகத் தெரிகிறது. கையிலுள்ள புத்தகம் கண்ணாடி போட்டால் தெரிகிறது. இரண்டுக்கும் நடுவே திரிசங்கு சொர்க்கம் போல் ஓரிடம் இருக்கிறது: காரின் டேஷ்போர்டு. ஓட்டுநரின் கண்ணிலிருந்து அது எவ்வளவு தூரம் என்று நாடா வைத்து அளந்து பார்த்தோம். ஒருவருக்கு 72 சென்டிமீட்டர்; இருக்கையை முன்னே இழுத்துப் போட்டு ஓட்டும் மற்றவருக்கு 64. படிப்பதற்கான கண்ணாடியை 40 சென்டிமீட்டர் தூரத்தை மனத்தில் கொண்டே பொதுவாக எழுதிக் கொடுக்கிறார்கள். ஆகவே அதைப் போட்டாலும் டேஷ்போர்டு மங்கல், கழற்றினாலும் மங்கல்.

இந்தக் கண்களோடுதான் காருக்கு ஒரு திரை வாங்கப் புறப்பட்டோம். தேவை உண்மையானது. மெட்ரோ இரயிலுக்காகப் பூவிருந்தவல்லிச் சாலையில் தூண்கள் எழும்பிய ஆண்டுகளில், நேற்றுப் போன வழி இன்று இல்லை என்பது வாடிக்கையாகிவிட்டது. அதுவரை கைபேசியை ஒரு கவ்வியில் மாட்டி வழி பார்த்து வந்தோம். வழி பார்க்க மட்டும், அதுவும் கவனம் சிதறாத வகையில், கையடக்கக் கருவியைப் பயன்படுத்தலாம் என்று 2020இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதிகள் இடம் கொடுக்கின்றன. வேகத்தடைதோறும் கவ்வி தலைகுனியும்போது கவனம் எங்கே போகும் என்பதை விதி சொல்லவில்லை.

மின்னணுவியல் படிக்கும் எங்கள் மகன் முதலில் ஒரு யோசனையோடு வந்தான். கடையில் விற்கும் பெட்டி எதற்கு, நாமே ஒரு கார்க் கணினி செய்யலாம் என்றான். ரிச்சி தெருவிலிருந்து ஒரு ராஸ்பெரி பை சிறுகணினியும், அதற்கென்றே 2015இல் வெளிவந்த ஏழங்குலத் தொடுதிரையும் வந்து சேர்ந்தன. ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு துளைகள் கொண்ட ஒரு செருகுவாய் இருக்கிறது. எஞ்சினின் தன்னோயறியும் அமைப்பு பேசும் வாய் அது. 2013 ஏப்ரலுக்குப் பிறகு இங்கே விற்பனைக்கு வந்த கார்களில் அந்த அமைப்பின் இரண்டாம் தலைமுறை கட்டாயமாயிற்று. அதில் ஒரு சிறு கருவியைச் செருகினால் எஞ்சினின் சூடு, சுழல்வேகம், மின்கலத்தின் அழுத்தம் எல்லாம் திரைக்கு வந்துவிடும். வந்தன. வீட்டு வாசலில், மாமரத்து நிழலில், அது அற்புதமாகவே இருந்தது. சாலைக்குப் போனதும் திரையில் தெரிந்தது எங்கள் முகம்தான். அறைக்குள் பார்ப்பதற்கென்று செய்த திரையின் ஒளி சித்திரை வெயிலுக்கு எம்மாத்திரம்? இன்னொரு சிக்கல், சாவியைத் திருப்பியதும் மின்சாரம் பட்டென்று நின்றுபோவது. கணினியை அப்படி அணைத்தால் அதன் நினைவட்டை கெட்டுப்போகும். முறையாக அணைக்கத் தனியே ஒரு மின்சுற்று வேண்டும். மகனுக்கு அதில் உற்சாகம் கூடியது. எங்களுக்குக் குறைந்தது.

எனவே ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனோம். கார் அலங்காரப் பொருள்களுக்குச் சென்னையில் அந்தத் தெருதான். “பத்து இஞ்ச் போடுங்க சார், தியேட்டர் மாதிரி இருக்கும்” என்றார் முதல் கடைக்காரர். “மேடம் ஓட்டுனா இன்னும் பெருசாவே போடலாம்.” மேடம் பதில் சொல்லாமல் கைப்பையிலிருந்து ஓர் அளவுகோலை எடுத்தார். வாகனத் திரைகளில் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 15008 என்றொரு பன்னாட்டுத் தரம் உண்டு. எழுத்தின் உயரம் கண்ணில் ஏற்படுத்தும் கோணம் 20 கலை இருப்பது நல்லது என்கிறது அது. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை. 70 சென்டிமீட்டர் தூரத்தில் இது ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் ஆகிறது. கடையில் வரிசையாக ஒளிர்ந்த திரைகளில் வரைபடத்து ஊர்ப்பெயர்களை அளந்தோம். ஏழங்குலத்தில் இரண்டு மில்லிமீட்டர். பத்தங்குலத்திலும் இரண்டு மில்லிமீட்டர்தான்.

இது எங்களுக்கு வியப்பாக இருந்தது. திரை பெரிதானால் எழுத்தும் பெரிதாகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி ஆவதில்லை. பெரிய திரை கூடுதலான ஊர்களைக் காட்டுகிறது; அதே அளவு எழுத்தில். அகலமான தாளில் அச்சடித்த பொடியெழுத்துப் பஞ்சாங்கம் போல. இன்னொன்றும் உண்டு. 800க்கு 480 புள்ளிகள் கொண்ட ஏழங்குலத் திரையையும் 1024க்கு 600 புள்ளிகள் கொண்ட ஒன்பதங்குலத் திரையையும் பக்கத்தில் வைத்தால், ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டிலுமே ஐந்து புள்ளிகளுக்குச் சற்று மேல். கூர்மை ஒன்றேதான், விலை வேறு. எழுத்தைப் பெரிதாக்க அமைப்புகளுக்குள் போய் எழுத்தளவைத் தனியே கூட்ட வேண்டும். சில பெட்டிகளில் அந்த வசதி இருக்கிறது, சிலவற்றில் இல்லை. எந்தக் கடைக்காரரும் தாமாக இதைச் சொல்லவில்லை. அவர்களுடைய கண்ணுக்கு இருபத்தைந்து வயது.

அடுத்தது தமிழ். பாடல்களின் பெயர்களைத் தமிழில் எழுதிய ஒரு பென் டிரைவைக் கையோடு கொண்டு போயிருந்தோம். வரைபடத்தில் தேட வைத்துக்கொண்ட சொல் ‘கொரட்டூர்’. அம்பத்தூரை அடுத்திருக்கும் ஊர் என்பதோடு, தமிழ் தெரியாத திரையைக் காட்டிக்கொடுக்க அதைவிட நல்ல சொல் கிடையாது. ஒற்றைக் கொம்பும் காலும் ககரத்தின் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். கணினிக்குள் சேமிக்கும்போதோ ககரம் முதலில் வரும், உயிர்க்குறி பின்னால் வரும். இரண்டையும் உரிய இடத்தில் பொருத்துவது எழுத்துருப் பொறியின் வேலை. பொறி இல்லாத பெட்டியில் கொம்பு தனியே, கால் தனியே, நடுவில் ஒரு புள்ளிவட்டம் வந்து நிற்கும். ஒரு பெட்டியில் வரைபடம் ஒழுங்காகத் தமிழ் பேசியது; பாட்டுப் பட்டியலோ வெறும் கட்டங்களாக வந்தது. “யாரும் தமிழ்ல பாக்க மாட்டாங்க சார்” என்றார் கடைக்காரர், குறை சொல்லும் தொனியின்றி.

வெயிலுக்கு வருவோம். காருக்குத் திரை வாங்குகிறவர் தாம் எந்தத் திசையில் ஓட்டுகிறார் என்று யோசித்துக்கொள்வது நல்லது. ஆவடியிலிருந்து அம்பத்தூருக்குக் காலையில் கிழக்கே போக வேண்டும், மாலையில் மேற்கே திரும்ப வேண்டும். இரு வேளையும் சூரியன் எதிரே. திரை நிழலில்தான் இருக்கும். ஆனால் கூசிச் சுருங்கிய கண்மணிக்கு அது இருட்டாகத் தெரியும். பூவிருந்தவல்லிப் பாதை தெற்கு வடக்கு. பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டிக் காலையில் தெற்கே போகும்போது வெயில் இடப்புறம். மாலையில் வடக்கே திரும்பும்போதும் இடப்புறமே. மார்கழி மாலையில் சூரியன் தென்மேற்கே சாய்வதால் இடப் பின்கண்ணாடி வழியாக வந்து நேரே திரையில் விழுகிறது. ஒரே கார், இருவருக்கும் இரண்டு வெயில். பளபளப்பான கண்ணாடி முகம் கொண்ட திரைகளை இந்தக் கணக்கிலேயே தள்ளினோம். வலப்புறம் உட்கார்ந்து சாய்வாகப் பார்த்தால் நிறம் மாறும் மலிவுத் திரைகளையும் தள்ளினோம். ‘ஐ.பி.எஸ்.’ என்று சொல்லி விற்கும் வகையில் இந்தக் குறை குறைவு. பெட்டியின் மேல் அப்படி எழுதியிருப்பது மட்டும் போதாது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இரவுக்கு வேறு பிரச்சினை. வருடக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் தொழிற்பேட்டையிலிருந்து வீடு திரும்பப் பத்து மணி தாண்டிவிடும். சி.டி.எச். சாலையில் அந்த நேரத்தில் மாடுகள் நடுத்தடுப்பை ஒட்டிப் படுத்திருக்கும். பிரகாசமான திரையைப் பார்த்த கண்ணுக்குக் கறுப்பு மாடு சில கணங்கள் கழித்தே புலப்படும். வயது ஏற ஏற அந்தக் கணங்கள் நீள்கின்றன. எதிர்த்திசையில் விளக்கில்லாமல் வரும் இருசக்கர வண்டிக்கும் இது பொருந்தும். பெட்டியின் பின்னால் வரும் கம்பிகளில் ஒன்றை முகப்பு விளக்கின் சுற்றோடு இணைத்தால், விளக்குப் போட்டதும் திரை தானே மங்கிக்கொள்ளும். பொருத்துகிற பையன்கள் பலர் அந்த ஒரு கம்பியை மட்டும் டேப் சுற்றி உள்ளே தள்ளிவிடுகிறார்கள். கேட்டு வாங்கி இணைக்கச் சொன்னோம்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் கருவிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1965இல் முதல் விஜயந்தா பீரங்கி வண்டி வெளிவந்த தொழிற்சாலை அது. அவர் சேர்ந்தது அதற்கு வெகுகாலம் பின்னால். மகன் தன் திரையில் எஞ்சின் சூட்டை ‘91.4’ என்று எண்ணால் காட்டியதை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏன் தம்பி, இதப் படிக்கணுமா?”

“ஆமா தாத்தா, துல்லியமா இருக்கும்.”

“படிக்கக் கூடாதுப்பா. பாக்கணும். முள்ளு வை. எல்லாம் சரியா இருந்தா முள்ளு மேல பாத்து நிக்கணும். சாஞ்சுதுன்னா மட்டும் நீ யோசிச்சாப் போதும்.”

வாழ்நாள் முழுதும் படிப்பதையே தொழிலாகக் கொண்ட எங்களில் ஒருவருக்கு இது சற்று நேரம் உறைத்தது. புத்தகப் பக்கம் நம்மை நிறுத்திவைக்க விரும்புவது. ஓட்டுநர் முன்னாலுள்ள பக்கம் அவரை உடனே திருப்பி அனுப்ப வேண்டியது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு பார்வை இரண்டு நொடிக்கு மேல் சாலையை விட்டு விலகக் கூடாது, ஒரு வேலைக்கு மொத்தம் 12 நொடியைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தார்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி என்பது 28 மீட்டர். சாளேசரக் கண் தொலைவிலிருந்து அருகுக்குக் குவியவே அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். ஸ்வீடனின் ‘வீ பிலேகரே’ என்ற இதழ் 2022இல் ஒரு சோதனை செய்தது. நான்கு எளிய வேலைகளைச் செய்து முடிக்க, பொத்தான்கள் நிறைந்த 2005ஆம் ஆண்டு வோல்வோவில் பத்து நொடி ஆயிற்று. எல்லாம் திரைக்குள் போய்விட்ட புதுக் கார்களில் மிக மோசமானதற்கு 44.9 நொடி. ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல், திசை விளக்கு, ஒலிப்பான், துடைப்பான் போன்றவற்றுக்குத் தொட்டறியக் கூடிய தனிப் பொத்தான் இருப்பதையும் மதிப்பெண்ணில் சேர்த்துக்கொண்டிருக்கிறது.

கடைசியில் வாங்கியது ஏழங்குலம்தான். காரில் ஏற்கெனவே இருந்த 180க்கு 100 மில்லிமீட்டர் பள்ளத்தில், எதையும் வெட்டாமல் உட்கார்ந்தது. மட்டான முகம், இடப்பக்கம் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் உருண்டையான ஒரு திருகு. அந்தத் திருகுக்காகவே இன்னும் மூன்று கடை ஏறினோம். இப்போது அது அருகிவிட்ட பொருள். எழுத்தளவைக் கூட்டி 4 மில்லிமீட்டருக்குக் கொண்டு வந்திருக்கிறோம். அதன் விளைவாகப் பட்டாபிராம் முழுதாக அடங்குகிறது. திருமுல்லைவாயில் மட்டும் ‘திருமுல்லை’யோடு நின்று மூன்று புள்ளிகளாகிவிடுகிறது. வழி சொல்லும் தமிழ்க் குரலை இயக்கிய பிறகு திரையைப் பார்க்கும் தேவையே பாதியாகிவிட்டது. எஞ்சின் சூட்டுக்கு மகன் முள் வரைந்து கொடுத்தான். கண் மருத்துவரிடம் 64, 72 என்று இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டு போனோம்; அவர் சிரிக்காமல் குறித்துக்கொண்டு, நடுத்தூரத்துக்கும் இடம் வைத்த கண்ணாடிகளை எழுதிக் கொடுத்தார். திரையின் விலையைவிட அந்த இரண்டு கண்ணாடிகளின் விலை அதிகம்.

ராஸ்பெரி பையும் அதன் திரையும் இப்போது சமையலறைச் சுவரில் தொங்குகின்றன. மொட்டைமாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை ஒரு முள் காட்டுகிறது. அங்கே வெயில் வருவதில்லை.