இழுத்த தோலும் விண்மீன் திரளும்



வாணியம்பாடிக்கு அப்பால், ஜவ்வாது மலையில் இருக்கிற காவலூர் வானாய்வகத்தைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். 1986-இல் அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்தார்கள். விண்மீன் திரள்களின் தூரத்தை எப்படி அளக்கிறாங்க தெரியுமா?

டேப் வைக்க முடியாதே! திரளின் ஒளி நிறமாலையில் சிவப்புப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்து, அது விலகும் வேகத்தைக் கண்டுபிடிப்பார்கள். பிரபஞ்சம் விரிவதால், வேகம் அதிகம் என்றால் தூரமும் அதிகம்.

இங்கேதான் ஈர்ப்பு விசை விளையாடுது. கோமா கூட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட திரள்கள் இருக்கின்றன. ஒன்றை ஒன்று இழுப்பதால் விநாடிக்குச் சுமார் 1000 கி.மீ. வேகத்தில் அங்குமிங்கும் ஓடுகின்றன. அந்த வேகமும் கணக்கில் சேர்ந்துவிடும். தூரத்தில் சுமார் 4½ கோடி ஒளியாண்டு வித்தியாசம் வரும். கூட்டத்தின் அகலமே அவ்வளவு கிடையாது! அதனால் உருண்டையான கூட்டம், வரைபடத்தில் நம்மைச் சுட்டும் விரல் மாதிரி நீண்டு தெரிகிறது.

எங்க அப்பா டேனரியில் வேலை செய்கிறார். ஈரத்தோலைச் சட்டத்தில் இழுத்து, கிளிப் மாட்டிக் காய வைப்பாங்க. தோலுக்குச் சதுர அடிக் கணக்கில்தான் விலை. இழுத்த இழுப்பும் அளவில் சேரும். "அளவை மட்டும் பார்க்காத, இழுப்பையும் பாரு" என்பார். வானத்துக்கும் அது பொருந்துதே என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

இந்த இழுப்பு வீண் இல்லை. 1933-இல் ஸ்விக்கி என்ற விஞ்ஞானி கோமா கூட்டத்தின் வேகங்களைப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியும் பொருளின் எடை இவ்வளவு வேகத்தைக் கட்டிப்போடப் போதாது. தெரியாத பொருள் இருக்கவேண்டும் என்றார். அதுதான் கரும்பொருள். 2011-இல் இன்னும் நுட்பமான ஒன்றையும் அளந்தார்கள். கூட்டத்தின் நடுவிலிருந்து ஏறி வரும் ஒளியே ஈர்ப்பால் கொஞ்சம் சிவக்கிறது. வேகக் கணக்கில் அது விநாடிக்குச் சுமார் 10 கி.மீ.தான்!

பத்தாவது முடிச்சதும் ஷூ கம்பெனியில் சேர்த்துவிடு என்று சொந்தக்காரங்க சொல்றாங்க. அப்பா, "அவ படிக்கட்டும்" என்றுவிட்டார். கரும்பொருள் எதனால் ஆனது என்று இன்னும் யாருக்கும் தெரியாது. அதனால் பதினொன்றாம் வகுப்பில் கணக்கும் இயற்பியலும் உள்ள பிரிவைத்தான் எடுக்கப்போகிறேன். என்கூட யார் வர்றீங்க?



– பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு